நான் அழைத்த நோபோல்

1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு பையனைக் கிரிக்கெட் அணியிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கள் அணியில் அவனை விஞ்சிய பந்துவீச்சாளன் இல்லை. அவனுக்குச் சுகமில்லை என்று எதிரணிப் பயிற்றுநரிடம் சொன்னேன். அவன் வரவில்லை என்று பாடசாலைப் பதிவேட்டில் எழுதினேன். திறமை போதாது என்று அவனுடைய அம்மாவிடம் சொன்னேன். மூன்றும் பொய். அவனிடம் மட்டும் பொய்கூடச் சொல்லவில்லை. காரணம் கேட்டான். அதட்டி வாயை அடைத்தேன்.

உண்மைக் காரணம் இது. அவனுடைய வலது கை முழங்கையில் வளைந்திருந்தது. அவன் பந்து வீசுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'எறிகிறான்' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அவனுக்கு அவமானம் வரும் என்றல்ல. எனக்கு வரும் என்று.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விளையாட்டுப் பாட ஆசிரியராக இருந்தவன். பாடசாலையின் பெயரும் அந்தப் பையனின் பெயரும் இங்கே வேண்டாம். செய்தவன் நான். இதை வாசிக்கிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால், நான் எந்த மனநிலையோடு அந்தக் காலையை வந்தடைந்தேன் என்பதும் தெரிய வேண்டும். அதைச் சொல்வது என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. சொல்லச் சொல்ல என் பக்கம் இன்னும் மோசமாகத்தான் தெரியும்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. என் தாத்தா டரவளையில் ரோலர் இழுத்தவர். டிக்கோயா–மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் மைதானம் அது. வெள்ளைக்காரத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்படுத்திக்கொண்ட கழகம். அந்தப் பக்கம் ரதல்லயில் திம்புள்ளைத் துரைமாருக்கு இன்னொன்று. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். 1875இல் நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் வந்துவிட்டது. 1889இல் கோல்ஃப் கழகம். லயத்துக்குப் பீலித் தண்ணீர் ஒழுங்காக வந்த வருஷத்தை எந்தப் புத்தகமும் குறித்து வைக்கவில்லை. எங்கள் பகுதியில் சில இடங்களில் இன்னும் வரவில்லை.

பந்து தேயிலைக்குள் விழுந்தால் தாத்தா ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பாராம். துரை 'குட் மேன்' என்பாராம். அந்தக் கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வரும். எடுத்துக் கொடுத்ததற்கே இவ்வளவு பெருமையா என்று நினைப்பேன். பிற்காலத்தில் நான் ஓடியதும் அதே இரண்டு வார்த்தைக்குத்தான். அவராவது பந்தை எடுத்துக் கொடுத்தார்.

1977க்குப் பிறகு தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதற்குப் பிறகுதான் எங்களில் படித்த பொடியன்களுக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் தப்பிய முதல் தலைமுறை நாங்கள். சப்பாத்துப் போட்டோம். எங்களைப் பெற்றவர்களே எங்களை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அந்த மயக்கம் எனக்குக் கடைசிவரை தெளியவில்லை.

தோட்டத்தில் அதற்கு முன்பே விளையாட்டு இல்லாமல் இல்லை. கால்பந்து இருந்தது. வொலிபோல் இருந்தது. மென்பந்துக் கிரிக்கெட் எல்லா லயத்து வாசலிலும் இருந்தது. தீபாவளிக்கும் மே தினத்துக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். வென்றவனுக்குக் கிண்ணம், தோற்றவனுக்குச் சண்டை. தேர்தல் வந்தால் சங்கத்துக்காரர்கள் வலையும் பந்தும் கொண்டுவந்து கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடும் அந்த ஆட்டத்தையெல்லாம் நான் விளையாட்டு என்றே எண்ணவில்லை. எனக்கு வெள்ளைக் காற்சட்டை வேண்டும். கடினப் பந்து வேண்டும். மேட்டிங் விரித்த ஆடுகளம் வேண்டும். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த வருஷமே பாடசாலைக்குக் கடினப் பந்து அணி ஒன்றைத் தொடங்கினேன்.

அணிக்கு இடம் தேடினேன். தோட்டத்தில் மேடு பள்ளம் இல்லாத தரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காமன் பொட்டல்.

மாசி அமாவாசை கழிந்ததும் அங்கே காமனை ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் கூத்து நடக்கும். ரதியும் மன்மதனும் வருவார்கள். தூதன் வருவான். வீரபத்திரனும் எமனும் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். ரதியின் புலம்பலுக்கு அடிக்கும் தப்பு பக்கத்து மலைவரை கேட்கும். எங்கள் பாட்டன்மார் கப்பலேறி வரும்போது கொண்டுவந்த சொத்து என்றால் அதுதான். கம்பம் நடுகிற குழி என் ஆடுகளத்துக்கு நட்ட நடுவில் வந்தது. நான் துரைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். பாடசாலைப் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு மைதானம் அவசியம் என்றும், கூத்தை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றும் எழுதினேன். துரைக்கு அதில் நட்டமில்லை. கையெழுத்துப் போட்டார்.

வீரபத்திரன் வேஷம் கட்டுகிறவர் என்னைத் தேடி வந்தார். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். "மாஸ்டர், எங்களுக்கு ஒரு மாசந்தான். மத்த பதினோரு மாசமும் நீங்களே வெளயாடுங்க. மாசியில மட்டும் குழிய விட்டுருங்க" என்றார். நியாயமான பேச்சு. கூத்து முடிந்ததும் குழியை மூடி மண்ணை இடித்துவிட்டால் மேட்டிங் விரிக்க எந்தத் தடையும் இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். "அதெல்லாம் சரிவராது" என்றேன். குழி எனக்குப் பிரச்சினையே இல்லை. வெளியூர் அணி வரும்போது என் ஆடுகளத்துக்குப் பக்கத்தில் எரிந்த காமனின் சாம்பல் கிடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. சாம்பலைப் பார்த்தால் எங்களைக் காட்டான்கள் என்று நினைப்பார்களாம்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சரிவில் இடம் கொடுத்தார்கள். அங்கே வட்டம் கட்டி ஆட முடியாது. நாலைந்து வருஷம் ஒப்புக்கு ஆடினார்கள். பிறகு நின்றுவிட்டது. டிவி வந்தது, பொடியன்கள் கொழும்புக்குப் போனார்கள், அதெல்லாமும் காரணம். ஆனால் தரையைப் பிடுங்கியவன் நான்.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சிப் பட்டறையில் ஒரு படம் காட்டினார்கள். பப்புவா நியூகினியின் திரோபிரியாண்ட் தீவுகளில் கிரிக்கெட் ஆடுவதைப் பற்றிய ஆவணப்படம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிமார் அங்கே கிரிக்கெட்டைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் நடக்கும் சண்டையை நிறுத்தி, பிள்ளைகளை ஒழுக்கமாக்குவது அவர்கள் எண்ணம். தீவுக்காரர்கள் ஆட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒழுக்கத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். உடம்பெல்லாம் வர்ணம் பூசி, படைக்குப் போவதுபோல் வரிசையாகப் பாட்டும் ஆட்டமுமாக மைதானத்துக்குள் வருகிறார்கள். பதினொரு பேர் என்ற கணக்கு இல்லை. வந்தவனெல்லாம் ஆடலாம். விக்கெட் விழுந்தால் ஒரு கூத்து. விருந்து வைக்கிற ஊர்தான் கடைசியில் ஜெயிக்க வேண்டும். கூட இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே என்னவோ செய்தது. எங்கள் வீரபத்திரனையே அம்பயராக நிறுத்தியிருந்தால் எவன் துணிந்து எதிர்த்துப் பேசியிருப்பான்!

முரளியைப் பற்றிச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது.

முத்தையா முரளிதரனின் தாத்தா 1920இல் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். முரளி பிறந்தது 1972இல், கண்டியில். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர் அல்ல. தகப்பனார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். அந்த வித்தியாசத்தை லயத்தில் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். என் சித்தப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது. மிஞ்சியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 1988இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் போதாமல் 2003இல் இன்னொன்று. இதற்கு நடுவில் 1992இல் நம்ம ஆள் ஒருவர் இலங்கை என்று எழுதிய தொப்பியைப் போட்டுக்கொண்டு டெஸ்ட் ஆடப் போகிறார். காம்பராச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் முரளியின் படம் ஏறியதில் என்ன ஆச்சரியம்?

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பர்னில் டரல் ஹெயர் என்ற நடுவர் முரளியின் பந்தை ஏழு முறை நோபோல் என்று அழைத்தார். எறிகிறாராம். பிறகு முரளி மறுமுனைக்கு மாறி வீசினார். அந்த முனையில் நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒரு முறையும் அழைக்கவில்லை. ஒரே ஆள், ஒரே கை. பார்க்கிற கண் மட்டும் வேறு. பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் மறுபடி அழைத்தார்.

நான் கொதித்தேன். ஆசிரியர் அறையில் கரும்பலகையில் முழங்கையின் படம் போட்டு விளக்கினேன். முரளியின் கை பிறவியிலேயே முழுக்க நிமிராத கை. கை வளைந்திருப்பது குற்றமில்லை. பந்தை விடும்போது வளைந்த கையை நிமிர்த்தினால்தான் எறிதல். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்கிற வழியும் எனக்கு இல்லை.

இனி அந்தப் பையன்.

சின்ன வயதில் விறகுக்கு மரமேறி விழுந்து கை முறிந்தது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. லொறி வந்து சேர இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முறிவு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை நேராக நீளவே இல்லை. சோறு சாப்பிடுவான், எழுதுவான், தண்ணீர்க் குடம் தூக்குவான். கையை நீட்டச் சொன்னால் மட்டும் பாதியில் நின்றுவிடும்.

லயத்துப் படிக்கட்டில் மென்பந்து போட்டுப் பழகியவன். கடினப் பந்தை நான்தான் அவன் கையில் கொடுத்தேன். இரண்டாம் நாளே மேட்டிங்கில் பந்து அவன் சொன்னபடி கேட்டது. இரண்டு எட்டு நடப்பான், மூன்றாவது எட்டில் குதிப்பான். முழங்கை மடிந்தபடியே தோளோடு சுற்றி வரும். கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் கதவுக் குமிழைத் திருகுவதுபோல் ஒரு திருகு திருகும். வெளியே போகிற பந்து என்று துடுப்பைத் தூக்கினால் உள்ளே வந்து கம்பைச் சாய்க்கும். நான் துடுப்போடு நின்று பார்த்தேன். என்னையும் சாய்த்தான். "சேர், கால முன்னுக்கு வைங்க" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான். முழங்கை நிமிர்கிறதா என்று உன்னிப்பாகப் பார்த்தேன். நிமிரவில்லை. நிமிர அந்தக் கைக்கு வழியே இல்லை.

அவன் அம்மா கொழுந்து பறிப்பவர். மகனுக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்க, சீட்டைத் தள்ளி எடுத்தார். சீட்டைத் தள்ளி எடுப்பது என்றால் லயத்தில் இருப்பவர்களுக்கு விளங்கும். அடுத்து வரும் மாதங்களில் வீட்டில் ஏதோ ஒன்று குறையும்.

1999 ஜனவரி 23. அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். அதே எமர்சன் மறுபடியும் முரளியை அழைத்தார். ஹட்டன் டவுனில் ஒரு கடை டிவிக்கு முன்னால் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை ஆட்டி ஆட்டி நடுவரோடு வாதாடினார். அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடுவரை போனார். என் பந்துவீச்சாளன் இல்லாமல் ஆட்டம் இல்லை என்று நின்றார். ஆட்டம் தொடர்ந்தது. 302 ஓட்டங்கள் எடுத்த இங்கிலாந்தை இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கடைக்கு முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பொடியன்களை அடையாள அட்டை கேட்டு பஸ்ஸிலிருந்து இறக்குகிற காலம். அந்த ஒரு பொழுது அதெல்லாம் மறந்துபோனது.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நான் பேசினேன். தலைவன் என்றால் அர்ஜுனவைப்போல இருக்க வேண்டும், தன் ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பையன் முன்வரிசையில் நின்று கைதட்டினான்.

சில வாரங்கள் கழித்து எங்களுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. கண்டியிலிருந்து ஒரு பெரிய பாடசாலை அணி நட்புமுறை ஆட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டது. துரைமார் கழகம் ஒன்றின் மைதானத்தை ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கியிருந்தேன். அந்த அணியின் பயிற்றுநருக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தேன். எங்களிடம் ஒரு சுழல்பந்துக்காரன் இருக்கிறான், வந்து பாருங்கள் என்று. அவரும் பார்க்கிறேன் என்று பதில் போட்டார். நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு விடுதியில் இடம் கொடுத்துப் படிக்கவைக்கிற பாடசாலை அது.

ஆட்டத்துக்கு முந்திய நாள் சக ஆசிரியர் ஒருவர் பயிற்சியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்ம ஊர்லயும் ஒரு முரளியா? நாளைக்கு நோபோல் சத்தந்தான் கேக்கப் போகுது" என்றார். கேலிதான், வேறொன்றுமில்லை. அன்று இரவு அந்த ஒரு பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. நடுவர் கையை நீட்டுகிறார். கண்டிப் பொடியன்கள் சிரிக்கிறார்கள். துரை பார்க்கிறார். 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பந்து போடக்கூடத் தெரியாது, சொல்லிக்கொடுத்தவன் லட்சணம் அப்படி' என்று பேசிக்கொள்கிறார்கள். இவ்வளவையும் நானே கற்பனை செய்தேன். எவரும் சொல்லவில்லை. பயிற்றுநருக்கு ஒரு கோல் எடுத்து, பிள்ளையின் கை முறிந்த கை, வந்து முழங்கையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். காலையில் நடுவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றின. தோன்றியும் செய்யவில்லை. விளக்கம் சொல்கிற இடத்தில் நிற்பதே எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

விடிகாலை. பாடசாலை வாசலில் வான் நின்றது. பனி மூடிக் கிடந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நீ இன்னைக்கு வரவேணாம்."

"ஏன் சேர்?"

"சொன்னதச் செய்."

அவன் நகரவில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்திச் சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. எங்களிடம் அணிச் சட்டைகள் எண்ணித்தான் இருந்தன. அவனுக்குப் பதிலாக நான் சேர்த்த பையனுக்குச் சட்டை இல்லை. அந்தப் பையன் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரின் மகன். பந்து வீசத் தெரியாது. கை நேராக இருந்தது.

சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

அவன் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். வலது கையை உருவ அவனுக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும், முழங்கை தட்டும். மற்றப் பிள்ளைகள் வானுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது உதவி செய்வார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கழற்றிய சட்டையை மடித்தான். காலரை மேலே வைத்து, கடையில் மடித்து வைப்பார்களே, அப்படி மடித்து என் கையில் கொடுத்தான். பெனியனோடு அந்தக் குளிரில் நின்றான். அவன் தோளில் போட என்னிடம் ஒரு சுவெட்டர் இருந்தது. நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

வான் புறப்பட்டது.

ஆட்டத்தில் தோற்றோம். மோசமாகத் தோற்றோம். அதைச் சொல்லி என் தண்டனை முடிந்துவிட்டதாகக் கணக்குப் பார்க்க மாட்டேன். தேநீர் இடைவேளையில் எங்களைக் கழகக் கட்டடத்துக்குள் கூப்பிட்டார்கள். தாத்தா வாசலைத் தாண்டிப் போகாத கட்டடம். பீங்கான் கோப்பை, சோசர், சோசரில் இரண்டு பிஸ்கட். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. உண்மையாகவே நிறைந்தது. அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்ற நினைப்பே அந்த நேரத்தில் வரவில்லை. பயிற்றுநர் என் பக்கத்தில் வந்து, "எங்கே உங்கள் சுழல்பந்துக்காரன்?" என்றார். சுகமில்லை என்றேன். "பரவாயில்லை, இன்னொரு நாள் கண்டிக்கு அனுப்புங்கள்" என்றார்.

நான் அனுப்பவில்லை. அனுப்பினால், அன்று உனக்கு என்ன சுகமில்லை என்று அவனிடம் கேட்பார்கள். என் பொய் வெளிப்படும். முதல் நாள் பயத்தில் செய்தேன் என்று வைத்துக்கொண்டாலும் இதைப் பயத்தில் செய்யவில்லை. நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

பல்வங்கர் பாலூவைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய சுழல்பந்து வீரர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கழகத்தில் தரையைப் பராமரித்து, வலை கட்டி, அவர்கள் துடுப்பாட்டம் பழக மணிக்கணக்கில் பந்து வீசியவர். பிறகு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் எல்லாரும் அதே பந்தைத்தான் தொட்டார்கள். தேநீர் நேரம் வந்தால் அவருக்கு மட்டும் கட்டடத்துக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் எல்லா ஆட்டங்களிலுமாக நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். கடைசிவரை அவரைத் தலைவராக்கவில்லை. இதை வாசித்தபோது என் கண் அந்த மண் குவளையில் நிற்கவில்லை. உள்ளே உட்கார்ந்து நல்ல கோப்பையில் குடித்தவர்களில்தான் நின்றது. அவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல.

ஆண்டவர்களின் ஆட்டத்தை வாங்கும்போது அவர்களுடைய கண்ணையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன் என்றுதான் எனக்குப் படுகிறது. மேற்கிந்தியத் தீவுகளில், வங்காளத்தில், எங்கள் கண்டியில்கூட, அந்த ஆட்டத்தாலேயே ஆண்டவர்களை நேருக்கு நேர் பார்த்தவர்கள் உண்டு. 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியைக் கால்பந்தில் தோற்கடித்தார்கள். நான் என்ன செய்திருப்பேன்? முதல் வேலையாகப் பூட்ஸ் வாங்கக் காசு சேர்த்திருப்பேன். பூட்ஸ் இல்லாதவனை வானிலிருந்து இறக்கியிருப்பேன்.

அடுத்த வாரம் அவன் அம்மா பாடசாலைக்கு வந்தார். அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய கூலி இல்லை. "என்னா மாஸ்டர் தப்புப் பண்ணுனான்? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான்" என்றார். "தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. தெறம போதாது" என்றேன். ஒரு நிமிஷம் நின்றார். "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்கதான் ஏதோ நெனச்சுக்கிட்டோம்" என்றார். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் இப்போது இல்லை. மகனுக்குத் திறமை போதாது என்று நம்பியபடியேதான் செத்தார்.

அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பாடசாலையையும் விட்டான். கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். எங்கள் பொடியன்கள் எல்லாரும் போகிற வழிதான், நான் தடுக்காவிட்டாலும் போயிருக்கலாம். அவனுக்கு நெருக்கமாக இருந்த இரண்டு பிள்ளைகளும் அணியை விட்டார்கள். நான் காரணம் கேட்கவில்லை. அவர்கள் வானுக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர்கள். ஒரு தவணைக்குள் அணி பெயரளவுக்குத்தான் இருந்தது. காமனைக் கிளப்பிவிட்டுப் பிடித்த தரையில் மாடு மேய்ந்தது.

அவன் இன்னொரு முரளி ஆகியிருப்பான் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் என் குற்றம் பெரிதாகத் தெரியும், அதோடு நானும் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிவேன். ஒருவேளை கண்டிப் பாடசாலையின் இரண்டாம் அணியில் ஆடியிருப்பான். ஒருவேளை அன்றைக்கே நடுவர் கையை நீட்டியிருப்பார். அப்படி நீட்டியிருந்தால் நான் எல்லைக்கோட்டுக்குப் போயிருப்பேனா, சும்மா நின்றிருப்பேனா? அந்தப் பரீட்சைக்கே நான் போகவில்லை. ஹெயர் பந்தைப் பார்த்த பிறகாவது அழைத்தார். நான் பந்து கையை விட்டுப் போகும் முன்பே அழைத்துவிட்டேன்.

பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தார்கள். சுத்தமான பந்துவீச்சு என்று நினைத்த பலரின் முழங்கையும் கொஞ்சம் நிமிர்வதாகத் தெரிந்தது. 2005இல் சர்வதேசக் கிரிக்கெட் சபை பதினைந்து பாகைவரை நிமிரலாம் என்று எல்லை வகுத்தது. பத்திரிகையில் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். 2010 ஜூலையில் காலியில் முரளி தன் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். பாடசாலையில் பால்சோறு பொங்கிக் கொண்டாடினோம். பேசச் சொன்னார்கள். ஹெயரைத் திட்டிப் பேசினேன். கைதட்டு கிடைத்தது.

ஒரு தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டுவிட்டு வந்தான். கொழும்பில் சின்னதாகச் சொந்தக் கடை போட்டிருப்பதாகச் சொன்னான். மகனுக்கு என்ன வயது என்று கேட்டேன். சொன்னான். கிரிக்கெட் ஆடுகிறானா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. "வாங்க சேர், ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்றான். குடித்தோம். வலது கையால்தான் கிளாஸை எடுத்துக் கொடுத்தான். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன். சளியா சேர் என்று கேட்டான். ஆமாம் என்றேன். காசு அவன்தான் கொடுத்தான்.

ஓய்வு பெறும்போது எனக்கு விழா எடுத்தார்கள். மலர் ஒன்று போட்டார்கள். அதில் என்னைப் பற்றிய கட்டுரையில், 'தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் கிரிக்கெட் பந்தைக் கொடுத்தவர்' என்று ஒரு வரி. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். நான் பிறந்த தோட்டத்தின் பெயரில் ஒற்றுப் பிழை இருந்தது. சிவப்புப் பேனையால் அதைத் திருத்தினேன். மற்றதெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.